மூத்தவளின் விரல்கள்

நாரின் டவுனிலிருந்து வந்த வேன் காலிமாவை அந்த நீல ஜன்னல் வீட்டின் முன்னால் இறக்கிவிட்டுப் போனபோது சாயங்காலமாகியிருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் ஒரு மெத்தைச் சுருள். ஐம்பத்தெட்டு வயதில் மணப்பெண்ணாக வந்து இறங்குகிறவளுக்கு இதைவிடச் சீர் வேண்டியதில்லை என்று தம்பி மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் சொல்லாமல் சொன்னது இன்னொன்று. திரும்பி வந்துவிடாதே.

மலைகளுக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எங்கோ சாண வறட்டி எரியும் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்தது.

வாசலில் புருல் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் ஜுமாதிலின் ஒரே மகள், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வழக்கப்படி ஒரு வெள்ளைத் துணியைக் காலிமாவின் தலையில் போட்டாள். போட்ட வேகத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்தது.

"வாங்க சித்தி," என்றாள். அந்தச் 'சித்தி'யைப் பல்லில் சிக்கிய இறைச்சி நாரைப் போலத் துப்பினாள்.

கதவுக்கும் அறைக்கும் நடுவே நீளமான இருட்டு நடை இருந்தது. கரி மூட்டைகள், குதிரைச் சேணம், உப்புத் தடவித் தொங்கவிட்ட இறைச்சி. கரி வாசனையும் ஆட்டுக்கொழுப்பு வாசனையும் காலிமாவுக்குப் பழகியவைதான். அவற்றுக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. நனைந்த இரும்பு போல.

உள்ளே அடுப்பு கணகணவென்று எரிந்தது. ஜுமாதில் எழுந்து நின்றார். கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டிய பெரிய உடம்பு, அதில் ஒரு குழந்தைச் சிரிப்பு. பெண் பார்க்க வந்த அன்று அந்தச் சிரிப்புக்காகத்தான் காலிமா சரி என்றாள். இப்போதும் அவர் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பால் கலந்த தேநீரில் சிவப்பு மெல்ல விரிந்தது.

"ஆரம்பிச்சிடுச்சு," என்றாள் புருல் சலிப்போடு. "தலைய மேல தூக்குங்கப்பா."

அவர் தலையை நிமிர்த்தினார். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தொட்டியை இழுத்துக் குனிந்து கறுப்பாக வாந்தி எடுத்தார்.

"அம்மா இருந்திருந்தா இந்நேரம் நின்னிருக்கும்," என்றாள் புருல், காலிமாவைப் பார்த்து. "மூக்க ஒரு பிடி பிடிப்பாங்க. அவ்வளவுதான். அவங்க கை அப்படி."

"பனிக்கட்டி மாதிரி இருக்கும், ஊல்கானோட விரலு," என்றார் ஜுமாதில், வாயைத் துடைத்தபடி.

முதல் மனைவி ஊல்கான் செத்துப்போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. வந்து இறங்கிய முதல் சாயங்காலமே, கணவர் வாயிலிருந்து காலிமா கேட்ட முதல் பெண் பெயர் அதுதான்.

*

மறுநாள் நர்ஸ் வெனேரா வந்தாள். பெரிய ரப்பர் பூட்ஸ், அதைவிடப் பெரிய குரல்.

"யாரு இவரத் தலைய நிமித்த வச்சது? ரத்தம் தொண்டைக்குள்ள போகும், வயித்தப் பெரட்டும். மூச்சுக்குழல்ல போச்சுன்னா அதோட சரி. காலிமாக்கா, கிட்ட வாங்க. எலும்ப இல்ல, அதுக்குக் கீழ மெத்துன்னு இருக்கு பாருங்க, அங்க ரெண்டு பக்கமும் சேத்துப் புடிங்க. மாமா, நிமுந்து உக்காந்து முன்னால குனிங்க. வாயால மூச்சு விடுங்க. வாயில வர்றத முழுங்காதீங்க, துப்புங்க."

"எவ்வளவு நேரம்?" என்றாள் காலிமா.

"ஒரு கெண்டி தண்ணி கொதிச்சுத் தளதளங்கிற வரைக்கும். நின்னுடுச்சான்னு நடுவுல கைய எடுத்து எடுத்துப் பாக்கக்கூடாது. ரெண்டு தடவ அப்படிப் புடிச்சும் நிக்கலேன்னா என்னக் கூப்பிடணும். கொட்டுற மாதிரி வந்தா அதுக்கும் காத்திருக்க வேணாம்."

பிறகு அவள் அறையைச் சுற்றிப் பார்த்துப் பொரிந்து தள்ளினாள். நாளெல்லாம் அடுப்பு எரிந்தால் காற்றில் ஈரம் எங்கே இருக்கும்? அடுப்பின் மேல் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். மூக்குக்குள் இரு வேளை வாஸ்லின் தடவ வேண்டும். புகையிலை ஆகாது. உப்பு குறைய வேண்டும். பிரஷர் மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. இதயத்துக்காகக் கொடுத்த, ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. அதை நாரின் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

"மூக்கு நோண்டக்கூடாது மாமா."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைங்க சொன்னாக் கேக்கும்."

காலிமா எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் கரண்டியிலிருந்து கம்பளம் வரை எல்லாம் ஊல்கானுடையது. இந்த மூக்கு ஒன்றுதான் தனக்கென்று கிடைத்தது என்று அவளுக்குத் தோன்றியது. இதை விடக்கூடாது.

அவர் உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த குருத் உருண்டைகளை ஒளித்துத் தின்பார் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாள்.

"தொப்பிக்குள்ள என்னங்க வீங்கியிருக்கு?"

"அறிவு."

"உங்க அறிவுல உப்பு ஒட்டியிருக்கே. எடுங்க இப்படி."

ரத்தம் வரும்போதெல்லாம் அவள் ஓடிவந்து எதிரே உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வாள். முகத்தோடு முகம். அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டபடி அவளைப் பார்ப்பார். பார்க்க வேறு இடம் கிடையாது. பேசக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு பேருக்கும் அதுவே பழக்கமாயிற்று. அவர் மூக்கடைத்த குரலில் ஏதாவது சொல்வார், அவள் சிரிப்பாள், சிரித்தாலும் விரலை எடுக்கமாட்டாள். கெண்டி தளதளக்கும். இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கலாமே என்று இருக்கும்.

ஒரே ஒரு முள். சில நேரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்:

"உன் கை சூடா இருக்கு."

அவ்வளவுதான் சொல்வார். மீதியைக் காலிமாவே நிரப்பிக்கொள்வாள்.

*

பனி முழங்காலுக்கு ஏறிய ஒரு மத்தியானம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். நடையில் காலை உதறும்போதே உள்ளே கெண்டி தளதளக்கும் சத்தம் கேட்டது. அவள் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போகவில்லை.

ஜுமாதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, வெனேரா சொல்லிக்கொடுத்தபடியே. தாடியில் ரத்தம் உறைந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

மூக்கு மட்டும் ஒட்டிப்போய் இருந்தது.

மெத்தென்ற அந்த இடம் இரு பக்கமும் குழிந்து, வெளுத்து, ஒன்றோடொன்று அழுந்தியிருந்தது. பிடித்திருக்க விரல் இல்லை.

கெண்டியின் மூடி ஒருமுறை குதித்தது.

குழிவு மெல்ல நிரம்பியது. மூக்கு பழைய வடிவத்துக்கு வந்தது. அதில் இரண்டு சிவந்த தடங்கள். ஒன்று சிறியது, ஒன்று அகலம். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்.

அவர் கண் திறந்தார். "நல்ல வேளை, வந்து புடிச்ச," என்றார். "இன்னிக்கு உன் கை நல்லா சில்லுன்னு இருந்துச்சு காலிமா."

பயம் வந்திருக்க வேண்டும். முதுகில் ஏதோ ஊர்ந்ததும் உண்மை. ஆனால் அதற்கும் முன்னால் வந்து நெஞ்சை அடைத்தது வேறு. அவர் முகத்தில் இருந்த அந்த நிம்மதியைக் காலிமா பார்த்தாள். அவள் பிடித்து நிறுத்திய எந்த நாளிலும் அந்த முகத்தில் அதைப் பார்த்ததில்லை.

அதன்பிறகு அது ஒரு போட்டியானது. காலிமா மாட்டுக்கொட்டகைக்கு ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தாள். கிணற்றடிக்குப் போகும்போது கதவைத் திறந்தே வைத்தாள். எப்போது தவறினாலும் அவள் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். தொட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். மூக்கில் வாஸ்லின் பளபளக்கும். அவள் தடவுவதைவிடப் பதமாகத் தடவியிருக்கும்.

ஒருநாள் நடையில் நின்று ஒட்டுக்கேட்டாள். உள்ளே அவர் மூக்கடைத்த குரலில் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளிடம் ஒருநாளும் சொல்லாத கதை. டிராக்டர் ஏரியில் இறங்கிய கதை.

யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செத்தும் விடமாட்டேங்கிறாளே சக்களத்தி," என்று காலிமா இருட்டுக்குள் முணுமுணுத்தாள்.

பக்கத்தில் தொங்கிய இறைச்சி, காற்றே இல்லாமல், லேசாகத் திரும்பியது.

*

வியாழக்கிழமை தோறும் எண்ணெய் காயவைத்து ரொட்டி பொரிப்பார்கள். அந்த வாசனைதான் இறந்தவர்களுக்குப் படையல். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் மாவை எண்ணெயில் இட வேண்டும். அந்த வாரம் புருலும் வந்து உட்கார்ந்திருந்தாள். காலிமா மாமனார் பெயர் சொன்னாள், மாமியார் பெயர் சொன்னாள், தன் முதல் கணவன் பெயரைக்கூடச் சொன்னாள். வாணலியை இறக்கிவிட்டாள்.

"சித்தி," என்றாள் புருல் அடிக்குரலில். "அம்மா பேரு?"

"மாவு தீந்துபோச்சு."

"மாவு தீந்துச்சா, மனசு தீந்துச்சா?"

"உன் வீட்டுல பொரிச்சுக் கூப்பிடு. உங்கம்மா அங்க வந்து இருக்கட்டும். இங்க ஒரு மூக்குக்கு ரெண்டு கை வேணாம்."

புருல் அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பார்வை காலிமாவின் தோளுக்குப் பின்னால் எங்கோ போய் நின்றது. துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலிமா ஆர்ச்சா மரத்துத் தழையை எடுத்தாள். மலையில் வெட்டிக் காயவைத்த தழை எல்லா வீட்டிலும் இருக்கும். பிள்ளை பிறந்தால், நோய் வந்தால், கண்ணேறு பட்டால் கொளுத்திச் சுற்றுவார்கள். கெட்டது எதுவும் அந்த வீட்டில் தங்காது என்று நம்பிக்கை. வெனேரா புகையிலை ஆகாது என்றிருந்தாள். அடுப்புப் புகையும் ஆகாது என்று குழாயைச் சுத்தம் செய்ய வைத்திருந்தாள். ஆர்ச்சாவைப் பற்றி அவள் பேசவேயில்லை, காலிமாவும் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் ஆர்ச்சாப் புகையைப் புகையென்று நினைப்பதில்லை.

ஜுமாதில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். காலிமா தழையைக் கொளுத்தி மூலைமூலையாகக் காட்டினாள். கம்பளத்துக்கு, அலமாரிக்கு, ஜன்னலுக்கு. கடைசியில் அவருடைய தலையைச் சுற்றி.

"போ," என்றாள். "போதும். உனக்கு முப்பது நாப்பது வருசம் குடுத்தாரு. எனக்கு இருக்கிறது கொஞ்சந்தான். போயிடு."

புகை கூரையில் முட்டி இறங்கியது. அறையின் நடுவே ஓரிடத்தில் மட்டும் புகை நுழையவில்லை. ஒரு ஆள் அகலத்துக்கு அது விலகி வளைந்து போனது.

அந்த வெற்றிடம் நகர்ந்தது.

கதவுப் பக்கமாக. மெதுவாக. போக மனமில்லாதவள் போல.

நடையில் கரித்தூள் நறநறத்தது. வெளிக்கதவு திறந்தது, மூடிக்கொண்டது. அவ்வளவு நாள் அறையில் இருந்த மெல்லிய குளிர் போய்விட்டது. அப்படி ஒரு குளிர் இருந்ததே அது போன பிறகுதான் காலிமாவுக்குத் தெரிந்தது.

அவள் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள்.

பின்னால் ஜுமாதில் தும்மினார்.

*

ஒரு தும்மல், இன்னொன்று, அடுக்கடுக்காக. புகையில் இருமினார். எழுந்து உட்கார்ந்தபோது இரண்டு நாசியிலிருந்தும் ரத்தம் கயிறாக இறங்கியது.

காலிமா தழையைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்து மூக்கைப் பிடித்தாள். சரியான இடம். சரியான பிடி. முன்னால் குனிய வைத்தாள்.

"வாயால விடுங்க. துப்புங்க. ஒண்ணுமில்ல, நின்னுடும்."

நிற்கவில்லை. முன்னால் அடைத்த ரத்தம் பின்னால் இறங்கி வாய்வழியாக வந்தது. கட்டிகட்டியாக வந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் வெனேராவுக்கு போன் போட்டாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பிரசவத்துல இருக்கேன் அக்கா, இதோ கெளம்புறேன். நாரினுக்கும் வண்டி சொல்லிடுறேன். ரோட்டுல பனி. என்ன ஆனாலும் கைய எடுக்காதீங்க. படுக்க வைக்காதீங்க. கேக்குதா? கைய எடுக்காதீங்க!"

கெண்டி கொதித்துத் தளதளத்தது. நிற்கவில்லை.

தண்ணீர் சுண்டியது. நிற்கவில்லை.

ரத்தத்தில் விரல் வழுக்கியது. துணியால் சுற்றிப் பிடித்தாள். துணி நனைந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போயிற்று. அவருடைய முகம் மெழுகு நிறத்துக்கு வந்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை.

அவர் கண்கள் அவளைத் தாண்டி அறையைத் தேடின.

"எங்க அவ?" என்றார்.

"நான்தாங்க. காலிமா. இங்கதான் இருக்கேன்."

"எங்க போயிட்டா அவ?"

அவருடைய தலை அவள் தோளில் சாய்ந்தது. ரொம்பக் கனமாக.

காலிமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முற்றம் முழுக்க வெள்ளை. வாசலிலிருந்து வேலி வரை பனியில் காலடித் தடம் எதுவும் இல்லை.

வேலிக்கு அப்பால் மட்டும், ஓரிடத்தில், விழும் பனி விலகி விழுந்துகொண்டிருந்தது.

மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் காலிமா. மறுபடி சொன்னாள். "ஊல்கான் அக்கா. வாங்க. வந்து புடிங்க. என் கைக்கு நிக்கல."

பனி விழுந்தது.

"நீங்க மூத்தவ. நான் எளையவ. நான் கதவோரம் படுத்துக்கிறேன். ஒண்ணும் கேக்கமாட்டேன். ஆளு இருந்தாப் போதும்."

வேலிக்கு அப்பால் பனி நேராக விழத் தொடங்கியது.

நடையில் கரித்தூள் நறநறத்தது.

கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. முதலில் கணுக்காலில் குளிர். பிறகு பின்கழுத்தில். நனைந்த மண்ணின் வாசனை. அவளுடைய விரல்களின் மேல் வேறு விரல்கள் படிந்தன. எலும்பு வரை இறங்கும் குளிர். அவை அவள் விரல்களோடு சேர்ந்து அழுத்தும் என்று நினைத்தாள்.

அவை அவள் விரல்களைத் தள்ளின.

காலிமா கையை எடுத்துக்கொண்டாள். மூக்கு ஒட்டியபடியே இருந்தது. கடைவாயில் வழிந்துகொண்டிருந்த ரத்தம் மெலிந்தது, நூலாயிற்று, நின்றது. ஜுமாதில் ஒரு பெரிய மூச்சை வாயால் இழுத்தார்.

"வந்துட்டியா," என்றார்.

காலிமா பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

வெனேரா பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து நேராக உட்கார்ந்திருந்தார். நாடி பார்த்தாள், தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "நின்னுடுச்சு. கெட்டிக்காரி அக்கா நீங்க. இவ்வளவு ரத்தம் போயும் மனுசன் பொழச்சிருக்காருன்னா அந்தப் பிடிதான். பாருங்க, விரல் பதிஞ்சு நீலமாயிருக்கு." பிறகு மூக்கைச் சுளித்தாள். "இங்க யாரு புகை போட்டது?"

காலிமா தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை சிறியவை. அந்தத் தடம் அவற்றைவிட நீளம்.

*

நாரின் ஆஸ்பத்திரியில் உடைந்த ரத்தக்குழாயைச் சுட்டு அடைத்தார்கள். மாத்திரையின் அளவை மாற்றினார்கள். வாஸ்லின், தண்ணீர்ப் பாத்திரம், உயரத் தலையணை எல்லாம் தொடர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பனி உருகும்வரை அவருக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. ஊரில் எல்லோரும் காலிமாவைப் புகழ்ந்தார்கள். தம்பி மனைவி போன் செய்து, "ராசிக்காரி" என்றாள். புருல்கூட ஒரு கூடை முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

காலிமா தன் மெத்தையைக் கதவோரம் விரித்துக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் ஒரு ஆளுக்கு நன்றாக இடம் விட்டுத்தான் படுக்கிறார். வியாழக்கிழமை எண்ணெய் காய்ந்ததும் முதல் ரொட்டி யார் பெயருக்கு என்பதை இப்போது யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அவர் நன்றாகத் தூங்குகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், முகத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது. காலிமா கேட்டது அதைத்தான். ஆளு இருந்தால் போதும் என்றாள். இருக்கிறார்.

ஆனால் பொறாமை வாக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

வேலியோரம் புல் தலைகாட்டிய ஒரு முற்பகல். ஜுமாதில் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். காலிமா ஜன்னல் வழியாக அவரையே பார்த்தபடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, வழக்கத்துக்கு மாறாக, அவளைப் பார்த்தே சிரித்தார். அந்தக் குழந்தைச் சிரிப்பு.

"காலிமா," என்று கூப்பிட்டார். "வெளிய வா. வெயில் நல்லா இருக்கு."

அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ பொங்கியது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

மாவில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது.

இன்னொன்று.

அவருடையது அல்ல. அவளுடையது.

அவள் பதறவில்லை. அவளுக்குத் தெரியாததா? அப்படியே உட்கார்ந்தாள். முன்னால் குனிந்தாள். எலும்புக்குக் கீழே, மெத்தென்ற இடத்தில், ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வைத்து இறுக்கிப் பிடித்தாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள். கெண்டி அடுப்பில் முணுமுணுக்க ஆரம்பித்தது. அது தளதளக்கும் வரைதான்.

வெயில் வந்துகொண்டிருந்த ஜன்னலோரத்திலேயே அவளுடைய கணுக்கால் குளிர்ந்தது.

பிறகு பின்கழுத்து.

நனைந்த மண் வாசனை வந்தது.

"அக்கா," என்றாள் காலிமா மூக்கடைத்த குரலில்.

யாரோ அவளுடைய ஆள்காட்டி விரலை மெல்லத் தூக்கி எடுத்தார்கள். பிறகு கட்டைவிரலை. அந்த இடத்தில் வேறு விரல் எதுவும் வந்து படியவில்லை.